நீட் தேர்வுக்கு எப்படிப் படித்தேன்? ஜூனியர்களும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சேலம் மாவட்டத்தில் ஆத்தூரை அடுத்த ஒரு சிறு ஊர் என்னுடையது. 2025 நீட் தேர்வில் 600-ஐத் தாண்டி வாங்கி, இப்போது ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் எம்பிபிஎஸ் முதலாண்டு படிக்கிறேன். ரிசல்ட் வந்ததிலிருந்து பள்ளி ஜூனியர்கள், அவர்களுடைய அம்மா அப்பா, பக்கத்துத் தெரு மாமா என்று எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். வாய்ஸ் நோட்டில் பேசிப் பேசித் தொண்டை வறண்டதால் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

அக்கா, 600 எல்லாம் பெரிய மார்க்கா? அதுக்கு முந்தின வருஷம் 720-க்கு 720 எடுத்தவங்களே இருந்தாங்களே?

இருந்தார்கள். 2024-இல் மறுதேர்வு, திருத்தம் எல்லாம் முடிந்த பிறகும் 17 பேர் முழு மதிப்பெண்ணில் நின்றார்கள். 2025-இல் நாட்டிலேயே அதிகம் 686தான். 650-ஐத் தாண்டியவர்கள் 73 பேர். 600-க்கு மேல் வாங்கியவர்களை எல்லாம் சேர்த்தாலும் 1,300 சொச்சம். 2024-இல் அதே 600-ஐ வைத்துக்கொண்டு பொதுப்பிரிவில் அரசு இடம் கிடைக்காமல் திண்டாடியவர்களை எனக்கே தெரியும்.

ஆகவே ஒரு வருடத்து மார்க்கை இன்னொரு வருடத்து மார்க்கோடு ஒப்பிட்டுக் கலங்காதீர்கள். சுவரில் "டார்கெட் 680" என்று எழுதி ஒட்டுவதிலும் அர்த்தமில்லை. தாள் கடினமாக வந்தால் அந்த எண் வெறும் எண்தான். ஒப்பிட வேண்டுமானால் ரேங்க்கை ஒப்பிடுங்கள். அப்புறம், பொதுப்பிரிவுக்குத் தகுதி மதிப்பெண் 2025-இல் 144. இதைப் பார்த்துவிட்டு "144 எடுத்தாலே டாக்டரா?" என்று கேட்கும் மாமாக்களுக்கு: அது இடம் ஒதுக்கும் கவுன்சிலிங்குக்குள் நுழைய மட்டும். இடம் கிடைப்பது வேறு கதை.

தேர்வு எப்படி இருக்கும்னு ஒரு தடவை சொல்லுங்க.

180 கேள்விகள், 180 நிமிடம், 720 மதிப்பெண். பிசிக்ஸ் 45, கெமிஸ்ட்ரி 45, பயாலஜி 90. சரியான விடைக்கு 4, தவறுக்கு 1 கழியும். பேனாவால் ஓஎம்ஆர் தாளில் வட்டம் நிரப்ப வேண்டும். 2021 முதல் 2024 வரை 200 கேள்வி கொடுத்து 180-க்கு மட்டும் விடையளிக்கச் சொன்னார்கள். 2025-இல் அந்தச் சாய்ஸை எடுத்துவிட்டார்கள். 2022 முதல் கூடுதலாக இருந்த 20 நிமிடமும் போயிற்று. பழைய வீடியோக்களில் சொல்லும் நேரக் கணக்கை அப்படியே நம்பாதீர்கள்.

ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் படிச்சீங்க?

எண்ணவில்லை. பேட்டிகளில் 14, 16 என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். சாப்பாடு, குளியல், தூக்கம் போக எப்படி என்று எனக்கும் புரிந்ததில்லை.

என் நாள் இப்படிப் போகும். காலையில் தலை தெளிவாக இருக்கும்போது பிசிக்ஸ் கணக்கு மட்டும். மதியம் இரண்டிலிருந்து ஐந்து வரை கேள்வித்தாள் அல்லது ஏதாவது பயிற்சி, ஏனென்றால் உண்மையான தேர்வும் அதே நேரத்தில்தான். சாப்பிட்ட பிறகு கண்ணைச் சொக்கும் அந்த நேரத்தில் மூளையை வேலை செய்ய வைப்பது தனிப் பழக்கம். அது தேர்வு அன்று திடீரென்று வந்துவிடாது. மாலையில் பயாலஜி, ராத்திரி அன்றைக்குத் தப்பான கேள்விகள். பத்தரைக்குப் படுத்துவிடுவேன். தூக்கத்தைக் குறைத்து நேரம் சேர்த்த தோழிகள் மாதிரித் தேர்வுகளில் 'தவறானதைத் தேர்ந்தெடு' என்ற கேள்விக்குச் சரியானதைக் குறித்துவிட்டு வந்தார்கள்.

கோச்சிங் போனீங்களா? போகாம முடியுமா?

ப்ளஸ் டூ முடித்த கையோடு 2024-இல் எழுதினேன், இடம் கிடைக்கவில்லை. அடுத்த வருடம் வீட்டிலிருந்து படித்தேன். ஒரு சென்டரில் டெஸ்ட் சீரிஸுக்கு மட்டும் பணம் கட்டினேன். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய் எழுதிவிட்டு வருவேன்.

கோச்சிங்கே வேண்டாம் என்று வீரம் பேச மாட்டேன். நீதிபதி ஏ.கே. ராஜன் குழு தமிழக அரசுக்கு 2021-இல் கொடுத்த அறிக்கையைப் பாருங்கள்: 2016-17-இல் எம்பிபிஎஸ் சேர்ந்தவர்களில் ரிப்பீட்டர்கள், அதாவது மறுபடி எழுதி வந்தவர்கள், சுமார் 12 சதவிகிதம், 2020-21-இல் 71 சதவிகிதம். காசும் ஒரு வருடமும் கையில் இருப்பவருக்குத்தான் இந்தத் தேர்வு வசதி என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. அது நியாயமா என்று கேட்டால், இல்லை. ஆனால் நீங்கள் கேட்டது எப்படிப் படிப்பது என்பது.

கோச்சிங்கில் மூன்று விஷயம் கிடைக்கிறது: பாடம் நடத்துவார்கள், டெஸ்ட் வைப்பார்கள், கூடப் படிக்கும் கூட்டம் இருக்கும். பாடத்துக்கு உங்கள் பள்ளி ஆசிரியர் நன்றாக இருந்தால் போதும். விட்டுப்போனதற்கு யூடியூபில் இலவச வகுப்புகள் குவிந்து கிடக்கின்றன. கூட்டம் சிலருக்கு உரம், சிலருக்கு விஷம். டெஸ்ட்டை மட்டும் வீட்டில் உருவாக்கிக்கொள்வது கஷ்டம். நாமே நேரம் வைத்து எழுதினால் பத்து நிமிடம் கூடக் கொடுத்துக்கொள்வோம், மனசு அப்படி. அதனால் கையில் இருக்கும் பணம் கொஞ்சம் என்றால் அதை டெஸ்ட் சீரிஸில் போடுங்கள்.

ஹாஸ்டலோடு சேர்ந்த லாங் டெர்ம் வகுப்பில் சேர்க்க நினைக்கும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை: விளம்பரத் தட்டியில் இருக்கும் ரேங்க்குகளைப் பார்க்காதீர்கள். அங்கே படித்து நடுவில் இருக்கும் ஒரு மாணவரிடம் பேசுங்கள். முதல் பேட்ச்சுக்கு நடத்தும் ஆசிரியர்தான் கடைசி பேட்ச்சுக்கும் வருகிறாரா என்று கேளுங்கள்.

நான் ஸ்டேட் போர்டு. என்சிஇஆர்டி படிச்சே ஆகணுமா?

ஆம், சிபிஎஸ்இ பள்ளிகளில் படிக்கும் அந்தத் தேசியப் பாடநூல்களைப் படித்தே ஆக வேண்டும். நானும் ஸ்டேட் போர்டுதான்.

2018-19-இலிருந்து வந்த நம் புதிய பதினொன்று, பன்னிரண்டு புத்தகங்கள் மோசமானவை அல்ல. தாவரவியல், விலங்கியல் இரண்டிலும் பல இடங்களில் என்சிஇஆர்டியைவிட விரிவாகவே இருக்கின்றன. புரிந்துகொள்ள அவற்றைப் படியுங்கள். ஆனால் நீட் கேள்வி எடுப்பவர்கள் முன்னால் விரித்து வைத்திருப்பது என்சிஇஆர்டி. அதன் வாக்கியத்தையே எடுத்து, ஒரு சொல்லை மாற்றி, 'கூற்று 1, கூற்று 2' என்று போட்டுவிடுவார்கள்.

எந்தப் பதிப்பு என்பது கூட முக்கியம். 2024-இல் நான் எழுதிய தாளில் அணுவைப் பற்றி ஒரு பிசிக்ஸ் கேள்வி வந்தது. ஒவ்வொரு தனிமத்தின் அணுக்களும் நிலையானவை, தமக்குரிய நிறமாலையை உமிழும் என்று ஒரு கூற்று. பழைய பதிப்பைப் படித்தவர்கள் அதைச் சரி என்றார்கள், புதிய பதிப்பைப் படித்தவர்கள் தவறு என்றார்கள். தேர்வை நடத்தும் என்டிஏ முதலில் இரண்டு விடைக்கும் மார்க் கொடுத்தது. விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போய், டெல்லி ஐஐடியின் மூன்று நிபுணர்கள் ஒரே விடைதான் சரி என்று சொன்னார்கள். பழைய புத்தகத்தை நம்பிக் குறித்தவர்களுக்கு நான்கும் போய், நெகட்டிவ் ஒன்றும் சேர்ந்து, மொத்தம் ஐந்து மார்க் இறங்கியது. அண்ணனின் பழைய புத்தகம் இருக்கிறதே என்று சும்மா இருக்காதீர்கள். புதிய பதிப்பு என்சிஇஆர்டி தளத்தில் இலவசமாகவே இருக்கிறது.

இன்னொன்று. 2024 தேர்விலிருந்து பாடத்திட்டத்தைத் தேசிய மருத்துவ ஆணையம் குறைத்துவிட்டது. கெமிஸ்ட்ரியில் திட நிலைமை, உலோகவியல், பாலிமர் போன்றவை இல்லை. பயாலஜியில் செரிமானம், தாவரங்களில் கனிம ஊட்டம் போன்றவை இல்லை. நம் ஸ்டேட் போர்டு புத்தகத்தில் திட நிலைமையும் உலோகவியலும் இருக்கின்றன, பொதுத்தேர்வுக்குப் படித்துத்தான் ஆக வேண்டும். நீட்டுக்கு அவற்றில் நேரம் போட வேண்டாம். ஆணையத்தின் பாடத்திட்டத்தை அச்செடுத்து மேஜைக்கு மேல் ஒட்டிக்கொள்ளுங்கள். "டார்கெட் 680"-க்குப் பதில் அது.

பயாலஜியில 360-க்கு எவ்வளவு எடுத்தீங்க? எப்படி மனப்பாடம் பண்ணீங்க?

330-ஐ ஒட்டி. என் மொத்தத்தில் பாதிக்கு மேல் அதிலிருந்துதான். இரண்டு பேருக்கு ஒரே மொத்த மார்க் வந்தாலும் முதலில் பயாலஜி மார்க்கைத்தான் பார்ப்பார்கள்.

மனப்பாடம் செய்தேனா என்றால், கொஞ்சம் ஆமாம். மறைப்பானேன்? ஆனால் வாய்விட்டு ஒப்பித்ததில்லை. ஒரு பாடம் படித்ததும் புத்தகத்தை மூடி, வெள்ளைத்தாளில் நினைவிலிருந்து எழுதுவேன், படம் போடுவேன். அப்புறம் புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதைச் சிவப்பில் எழுதுவேன். அடுத்த முறை சிவப்பை மட்டும் பார்ப்பேன். மூன்றாவது சுற்றில் ஒரு பாடத்துக்கு இருபது நிமிடம் போதும்.

எதை எல்லாரும் விடுகிறார்கள் என்று கவனித்தேன். படத்துக்குக் கீழே இருக்கும் சிறு எழுத்து, அட்டவணை, எண்கள். உதாரணமாக உயிரிப் பல்வகைமைப் பாடத்தில் இனங்களுக்கும் பரப்புக்கும் உள்ள தொடர்பு வரும். அதன் வரைபடக் கோட்டின் சாய்வு சிறு பகுதிகளில் 0.1-இலிருந்து 0.2, முழுக் கண்டங்களை எடுத்தால் 0.6-இலிருந்து 1.2, வெப்பமண்டலக் காடுகளில் பழம் தின்னும் பறவைகள், பாலூட்டிகளுக்கு 1.15. பார்க்க அற்பமாக இருக்கும். இந்த மாதிரி வரியில்தான் நான்கு மார்க் ஒளிந்திருக்கும். மெண்டல் 1856-இலிருந்து 1863 வரை ஏழு வருடம் சோதனை செய்தார், 14 தூய வகைகளை எடுத்தார் என்பதும் அப்படித்தான்.

எண்களைத் தனியாக உருப்போடாமல் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டால் நிற்கும். இதயம் நிமிடத்துக்கு 72 முறை, ஒவ்வொரு முறையும் 70 மில்லி, பெருக்கினால் ஏறக்குறைய 5 லிட்டர். 60 நொடியை 72-ஆல் வகுத்தால் ஒரு சுழற்சிக்கு 0.8 நொடி. 72-உம் 70-உம் தெரிந்தால் மற்ற இரண்டும் வந்துவிடும்.

மரபியல் மட்டும் வேறு ஜாதி. அதைப் படித்தால் வராது, போட்டுப் பார்க்க வேண்டும். வம்சாவளிப் படங்களைப் பிசிக்ஸ் கணக்கு மாதிரி தினம் இரண்டு போட்டேன்.

பிசிக்ஸ்னாலே பயமா இருக்கு. விட்டுட்டு பயாலஜி, கெமிஸ்ட்ரியை மட்டும் வச்சு ஜெயிக்கலாமா?

எல்லோருக்கும் உள்ள ஆசை. நான் இதுவரை சொன்னதில் எதை மறந்தாலும் பரவாயில்லை, இதை மறக்காதீர்கள்: பயாலஜியில் நல்ல மார்க் எடுப்பவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். அரசு இடம் யாருக்கு என்பதை முடிவு செய்வது பிசிக்ஸ். 2025 தாளில் இது பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. பிசிக்ஸ் அவ்வளவு நீளம், அவ்வளவு கணக்கு. பல பேர் பத்துப் பதினைந்து கேள்வியோடு நின்றுவிட்டார்கள். அன்றைக்கு 45-இல் 28-ஐச் சரியாகப் போட்டவர் எங்கேயோ போய்விட்டார்.

நான் செய்ததைச் சொல்கிறேன். முதலில் சூத்திர நோட்டு. சூத்திரத்தை மட்டும் எழுதினால் பயனில்லை. அது எப்போது செல்லும், எப்போது செல்லாது என்று பக்கத்திலேயே எழுத வேண்டும். இயக்கச் சமன்பாடுகள் மூன்றும் முடுக்கம் மாறாதபோது மட்டுமே. இது எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் முடுக்கம் நேரத்தோடு மாறும் கணக்கில் அவற்றைப் போட்டு விடை தேடும் கைகள் எத்தனை!

இரண்டாவது, கையால் கணக்கிடுவது. கால்குலேட்டர் கிடையாது. வர்க்கமூலம், பின்னம், பத்தின் அடுக்கு இவற்றில் தடுமாறினால் தெரிந்த கணக்கும் ஐந்து நிமிடம் தின்றுவிடும். மொபைல் கால்குலேட்டரை அந்த வருடம் முழுக்கத் தொடவில்லை. மளிகைக் கணக்குக்கூட வாயால்தான், அம்மாவுக்கு அதில் ரொம்பச் சந்தோஷம். சில குறுக்குவழிகள் நவீன இயற்பியலில் அருமையாக உதவும். ஃபோட்டானின் அலைநீளம் நானோமீட்டரில் இருந்தால் 1240-ஐ அதால் வகுங்கள், ஆற்றல் எலக்ட்ரான் வோல்ட்டில் வந்துவிடும். 620 நானோமீட்டர் என்றால் 2. எலக்ட்ரானை V வோல்ட்டில் முடுக்கினால் டி பிராய் அலைநீளம் 12.27-ஐ V-இன் வர்க்கமூலத்தால் வகுத்த ஆங்ஸ்ட்ராம். 100 வோல்ட்டுக்கு 1.227.

மூன்றாவது, பரிமாணம். விடையில் நான்கு கணிதக் கோவை கொடுத்திருந்தால், கணக்கைத் தொடும் முன் பரிமாணம் சரியா என்று பார்ப்பேன். பல சமயம் இரண்டு அங்கேயே விழுந்துவிடும்.

எந்தப் பாடத்திலிருந்து தொடங்குவது? அணு, அணுக்கரு, இரட்டைத் தன்மை, குறைகடத்தி, மின்னோட்டவியல், அலகுகளும் அளவீடும். சூத்திரம் குறைவு, கேள்வி நேரடி. அதன் பிறகு நிலைமின்னியல், ஒளியியல், வெப்ப இயக்கவியல். சுழற்சி இயக்கத்தைக் கடைசியாக வைத்தேன், ஆனால் விடவில்லை. எளிதான கேள்வி அதிலிருந்தும் வரும்.

கெமிஸ்ட்ரி?

கனிம வேதியியலுக்கு என்சிஇஆர்டி வரி வரியாக. கரிமத்துக்கு வினைகளின் பெயர், வினைபொருள், விளைபொருள், நிபந்தனை எல்லாம் ஒரே பெரிய சார்ட்டில்; ஒரு ஆல்கஹாலில் தொடங்கி எங்கெல்லாம் போகலாம் என்று கோடு போட்டுப் பாருங்கள். இயற்பிய வேதியியலுக்கு மோல் கணக்கு கைவந்தால் பாதி முடிந்தது. மூன்று பாடங்களில் சீக்கிரம் மார்க் ஏறுவது கெமிஸ்ட்ரியில்தான். என் 2024 மார்க்குக்கும் 2025 மார்க்குக்கும் இடையில் இந்தப் பாடம் நிறையவே கை கொடுத்தது.

மாக் டெஸ்ட் நிறைய எழுதறேன், மார்க் அப்படியே நிக்குது. ஏன்?

எழுதி முடித்ததும் என்ன செய்கிறாய் தம்பி? மார்க்கைப் பார்த்து, நண்பனின் மார்க்கைக் கேட்டு, அடுத்த டெஸ்ட்டுக்குப் போய்விடுகிறாயா? அப்படியென்றால் அங்கேதான் நிற்கும்.

மூன்று மணி நேரம் எழுதிய தாளுக்கு நான்கு மணி நேரம் செலவு செய்வேன். தப்பான ஒவ்வொரு கேள்வியையும் மூன்றில் ஒரு பெட்டியில் போடுவேன். பாடமே தெரியாதது, தெரிந்தும் கேள்வியைத் தப்பாகப் படித்தது அல்லது கணக்கில் சறுக்கியது, ஊகித்தது. சரியாக வந்தாலும் ஊகித்துப் போட்டது என்றால் அதுவும் மூன்றாவது பெட்டிக்குத்தான். அது என் மார்க் அல்ல, இரவல்.

இப்படி எழுத ஆரம்பித்த பிறகுதான் ஒரு விஷயம் பிடிபட்டது. பாடம் தெரியாமல் போனதைவிட இரண்டாவது பெட்டியில்தான் அதிகம் இருந்தது. அதிலும் 'தவறான கூற்று எது' வகைதான் பெரும்பாலும். அதன் பிறகு கேள்வியில் 'அல்ல', 'தவறான', 'தவிர' என்று வந்தால் அந்தச் சொல்லைச் சுற்றி வட்டம் போட்டுவிட்டுத்தான் விடைகளைப் படிப்பேன். புதிதாக ஒரு பக்கம்கூடப் படிக்காமல் மார்க் ஏறியது.

முதல் பெட்டிக்காரன் பாடத்துக்குத் திரும்ப வேண்டும். இரண்டாவது பெட்டிக்காரன் மறுபடி மறுபடி பாடத்தைப் படித்தால் வீண். வைத்தியம் வேறு வேறு. எந்த நோய் என்று பார்க்காமல் எல்லோரும் 'இன்னும் நன்றாகப் படி' என்ற ஒரே மாத்திரையைக் கொடுக்கிறார்கள்.

தெரியாத கேள்விக்கு ஊகிச்சுப் போடலாமா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். கண்ணை மூடிக்கொண்டு நான்கில் ஒன்றைக் குறித்தால், நான்கு முறையில் ஒரு முறை 4 கிடைக்கும், மூன்று முறை 1 போகும். நான்கு கேள்விக்கு ஒரு மார்க் லாபம். இரண்டை நிச்சயமாக நீக்கிவிட்டு மீதி இரண்டில் ஊகித்தால், இரண்டு கேள்விக்கு 3 மார்க் லாபம். ஆக, இரண்டை நீக்க முடிந்தால் தயங்காமல் போடுங்கள்.

முழு ஊகத்திலும் லாபம்தானே என்று கேட்பீர்கள். காகிதத்தில் ஆம். ஆனால் பாதி தெரிந்தவன் ஊகிக்கும்போது நான்கையும் சமமாகப் பார்ப்பதில்லை. பார்த்த ஞாபகம் இருக்கும் விடை அவனை இழுக்கும். கேள்வி எடுப்பவர் அந்த விடையை வைத்ததே அதற்குத்தான். என் மூன்றாவது பெட்டியை எண்ணிப் பார்த்தபோது அரைகுறை ஊகத்தில் நான்குக்கு ஒன்றுகூட வரவில்லை. உங்கள் பெட்டி என்ன சொல்கிறது என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

ஹாலில் எந்த வரிசையில எழுதினீங்க?

பயாலஜி 50 நிமிடம், கெமிஸ்ட்ரி 50, பிசிக்ஸ் 70. மீதி பத்து, விட்டதைப் பார்க்க. ஒரு கேள்வியில் ஒரு நிமிடத்துக்கு மேல் வழி தெரியவில்லை என்றால் குறி வைத்துவிட்டு நகர்ந்துவிடுவேன். ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் அந்தப் பக்கத்து வட்டங்களை நிரப்பிவிடுவேன். கடைசியில் மொத்தமாக நிரப்புகிறேன் என்று வைத்துக்கொண்டவர்கள் மணி அடிக்கும்போது நடுங்கியதைப் பார்த்திருக்கிறேன். பேனா என்பதால் அழிக்க முடியாது, ஒரு வரிசை மாறினால் அவ்வளவுதான்.

பிசிக்ஸில் கெட்டிக்காரராக இருந்தால் அதிலிருந்து தொடங்கலாம். எந்த வரிசையானாலும் மாதிரித் தேர்வுகளில் பழகியதை அன்றைக்கு மாற்ற வேண்டாம்.

நான் தமிழ் மீடியம். தமிழ்லயே எழுதலாமா?

எழுதலாம். 13 மொழிகளில் நடக்கிறது, தமிழ் கேட்டால் வினாத்தாளில் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்தே இருக்கும். இரண்டும் முரண்பட்டால் ஆங்கிலமே செல்லும் என்பது விதி. 2018-இல் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் பிழை என்று வழக்கு நடந்து, மதுரை உயர் நீதிமன்றக் கிளை 196 மார்க் கொடுக்கச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. அதனால் ஒவ்வொரு பாடத்திலும் முக்கியக் கலைச்சொற்களை இரண்டு மொழியிலும் தெரிந்து வைத்திருங்கள். தமிழ் வாக்கியம் குழப்பினால் உடனே பக்கத்து ஆங்கிலத்தைப் பார்க்கும் பழக்கம் வேண்டும்.

ப்ளஸ் டூ பப்ளிக்கையும் நீட்டையும் எப்படிச் சேர்த்துப் படிக்கறது?

ஜனவரி வரை ஒன்றாக, பிப்ரவரி, மார்ச் பப்ளிக்குக்கு, அப்புறம் கிடைக்கும் ஆறு வாரம் போல முழுக்க நீட்டுக்கு. பப்ளிக் மார்க்கை அலட்சியம் செய்யாதீர்கள். தமிழ்நாட்டில் மாநில இடங்களைப் பொறுத்தவரை கால்நடை மருத்துவம், பி.எஸ்சி. நர்சிங், பி.பார்ம் எல்லாம் ப்ளஸ் டூ மார்க்கை வைத்துத்தான்.

அரசுப் பள்ளியில படிக்கறேன். எனக்கு வேற ஏதாவது வழி இருக்கா?

ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருந்தால் 2020-இல் வந்த 7.5 சதவிகித உள் ஒதுக்கீடு உண்டு. கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. இதில் கட் ஆஃப் பொதுப் போட்டியைவிட நன்றாகவே குறையும், அதனால் 600, 650 என்று கேட்டு மிரள வேண்டாம். படித்ததற்கான சான்றிதழைத் தலைமை ஆசிரியரிடம் முன்கூட்டியே வாங்கி வையுங்கள். நடுவில் ஒரு வருடம் வேறு பள்ளியில் இருந்திருந்தால் அது பெரிய தலைவலி.

என் பொண்ணு போன வருஷம் எழுதி வரலை. ரிப்பீட் பண்ண வைக்கலாமா?

அம்மா, முதலில் அவளிடம் கேளுங்கள், நீங்கள் முடிவு செய்துவிட்டுக் கேட்காதீர்கள். எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம், மேல் வயது வரம்பும் இல்லை. அதுவே ஒரு பொறி. நிறுத்தச் சொல்ல யாரும் இல்லை.

அவளுடைய விடைத்தாளை எடுத்து மேலே சொன்ன மூன்று பெட்டியாகப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டாவது பெட்டி பெரிது என்றால் ஒரு வருடம் நிச்சயம் பலன் தரும். பிசிக்ஸ் அடிப்படையிலேயே தடுமாறுகிறாள் என்றால், ஜூனிலேயே அதைத் தொடங்கினால் முடியும். அந்தப் பாடத்தைக் கண்டாலே வெறுக்கிறாள், டாக்டர் ஆசையும் வீட்டாருடையதுதான் என்றால் வேண்டாம். நன்றாகப் படித்தும் இரண்டாவது முறையும் தூரமாகவே நின்றால், அதன் பிறகு மூன்றாவதைப் பற்றி நான் யாருக்கும் தைரியம் சொன்னதில்லை.

பையன் சரியா சாப்பிடறதில்லை, தூங்கறதில்லை, "முடியாது"ன்னே சொல்லிட்டு இருக்கான். தேர்வு முடிஞ்சா சரியாகிடுமா?

தேர்வு வரை காத்திருக்காதீர்கள். நம் மாநிலத்தில் இந்தத் தேர்வை ஒட்டிப் பிள்ளைகளை இழந்திருக்கிறோம். இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. ஒரு வாரம் டெஸ்ட்டையெல்லாம் நிறுத்தச் சொல்லுங்கள், ஒன்றும் குடி முழுகிவிடாது. மார்க்கைப் பற்றி இல்லாமல் அவனோடு பேசுங்கள். அரசின் மருத்துவ உதவி எண் 104-க்கோ, டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416-க்கோ போன் செய்தால் தமிழிலேயே ஆலோசனை கிடைக்கும், கட்டணம் கிடையாது. சாவைப் பற்றி விளையாட்டாகப் பேசினாலும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாமல் அன்றைக்கே ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.

தேர்வு அன்னைக்கு என்ன கவனிக்கணும்?

மதியம் 1.30-க்கு கேட் மூடிவிடுவார்கள், அதன் பிறகு யார் கெஞ்சினாலும் திறக்காது. அரைக்கைச் சட்டை, செருப்பு. ஹால் டிக்கெட்டோடு கேட்கும் போட்டோக்களும் அசல் அடையாள அட்டையும். தண்ணீர் பாட்டில் ஒளி ஊடுருவக்கூடியதாக இருக்கட்டும். பேனா அங்கேயே கொடுப்பார்கள். தோடு, மூக்குத்தி எல்லாம் முதல் நாளே கழற்றி வீட்டில் வைத்துவிடுங்கள். வாசலில் நின்று கழற்றினால் மனசு சிதறும்.

முடிந்த பிறகு என்டிஏ உங்கள் ஓஎம்ஆர் நகலையும் தற்காலிக விடைக்குறிப்பையும் தளத்தில் போடும். குறிப்பில் தப்பு என்று தோன்றினால் கேள்விக்கு 200 ரூபாய் கட்டி ஆட்சேபிக்கலாம். கையில் புத்தகப் பக்கம் ஆதாரமாக இருந்தால் மட்டும் செய்யுங்கள்.

அக்கா, உங்க நோட்டெல்லாம் கொடுப்பீங்களா?

பயாலஜி நோட்டு சித்தி பெண்ணிடம் போய்விட்டது, கெமிஸ்ட்ரி சார்ட் கிழிந்தே போனது. சூத்திர நோட்டின் ஜெராக்ஸ் ஒன்று எங்கள் பள்ளி பிசிக்ஸ் மிஸ்ஸிடம் இருக்கிறது, லேப் அலமாரியில், கேட்டால் கொடுப்பார். பெட்டி போட்டுத் தவறுகள் எழுதிய நோட்டை மட்டும் கேட்காதீர்கள். அதில் இருப்பது என் தவறுகள். உங்களுடையதை எழுத ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அடுத்த டெஸ்ட்டிலிருந்தே ஆரம்பிக்கலாம்.